தெரியாது என்பதற்கு என்ன சாட்சி

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தவருக்கு அவர் மடி சொந்தமில்லை. எங்கள் பக்கத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை, ஆனால் எல்லோரும் அப்படித்தான் நடந்துகொள்வோம். நிற்கிறவர் பையை நீட்டுவார், உட்கார்ந்திருக்கிறவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். பேர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் அது மரியாதைக் குறைவு. என் மடியில் டிபன் கேரியர் இருந்திருக்கிறது. யார் பெற்றதோ ஒரு கைப்பிள்ளை தூங்கியிருக்கிறது. ஒரு முறை கால் கட்டிய சேவல் ஒன்று ஆனையூர் வரை என் சேலையைக் கொத்திக்கொண்டே வந்தது.

இதோடு சேர்ந்த இன்னொரு வழக்கமும் உண்டு. நிற்கிறவரிடம் இரண்டு பை இருந்து, கண்டக்டர் வந்து லக்கேஜ் டிக்கெட் போடணும் என்று நின்றால், மடியில் ஒன்றை வைத்திருக்கிறவர், "இது நம்ம பைண்ணே" என்று சொல்லிவிடுவார். கண்டக்டருக்கும் விஷயம் தெரியும். ஒரு முறை முறைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். எங்கள் ஊரில் இதற்குப் பொய் என்று பேர் கிடையாது. என் வீட்டுக்காரர் ஜெயிலுக்குப் போனது இந்த வார்த்தையால்தான்.

அவர் டவுனுக்குள் ஒரு பாத்திரக் கடையில் விற்பனையாளர். எட்டாவது வரைக்கும் படிப்பு. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணமான புதிதில் கிண்டலுக்காக என்னை 'டீச்சர்' என்று கூப்பிட ஆரம்பித்தவர், பிறகு அதையே பேராக்கிவிட்டார். 'முடியாது' என்ற சொல் அந்த மனுஷன் வாயில் வராது. மழையில் குடையை யாருக்காவது கொடுத்துவிட்டுத் தெப்பலாக நனைந்து வருவார். கேட்டால், "அந்தாளு ரொம்ப தூரம் போகணும்னாரு டீச்சர்" என்பார்.

"ஏன், நீங்க மட்டும் கடைக்கு மாடியிலயா குடியிருக்கீங்க?" என்று நான் கத்துவேன். சிரித்துக்கொண்டே தலை துவட்டுவார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

எண்பத்தஞ்சு கடைசியில் போதைப் பொருளுக்கென்று புதுச் சட்டம் ஒன்று வந்தது. அது வந்ததே எங்களுக்குத் தெரியாது. அதற்கடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வாடிப்பட்டியில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டு, சீட்டுக்கு அடியில் தள்ளி வைத்த ஒரு பை தேங்காயோடு திரும்பி வந்துகொண்டிருந்தார். ஜன்னலோரம் இடம். வாடிப்பட்டியிலேயே ஏறிய ஒருவன், நல்ல வெள்ளைச் சட்டை, இரண்டு கையிலும் ரெக்ஸின் பை, "அண்ணே, இதச் செத்த பிடிங்கண்ணே" என்று ஒன்றை நீட்டியிருக்கிறான். இவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கண்டக்டர் வந்தார். "ரெண்டு பை யாருது? லக்கேஜ் போடணும்" என்றார். இவர் வாய் சும்மா இருந்ததா? "ஒண்ணு நம்மதுண்ணே."

சமயநல்லூருக்குக் கிட்டே பஸ்ஸை மறித்தார்கள். யாரோ துப்புக் கொடுத்திருக்கிறார்கள். மப்டியில் நாலைந்து பேர் முன்வாசல் வழியாக ஏற, வெள்ளைச் சட்டை தன் இன்னொரு பையோடு பின்வாசல் வழியாக இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விட்டான். ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தவர்கள் இவர் மடிக்கு வந்தார்கள்.

"பை யாருது?"

"ஒருத்தர் குடுத்தாரு சார். இங்கனதான் நின்னாரு" என்று இவர் திரும்பித் திரும்பித் தேடியிருக்கிறார்.

கண்டக்டர் பயந்துபோய், "சார், தன் பைன்னு அவர்தான் எங்கிட்டச் சொன்னாரு" என்று சொல்லிவிட்டார்.

உள்ளே பழைய கைலிகளுக்கு அடியில், பாலித்தீன் பொட்டலங்களில், தவிட்டு நிறத்தில் ஒரு தூள். அதைப் பார்த்து இந்த மகராசன், "சத்துமாவா சார்?" என்று கேட்டாராம். கன்னத்தில் ஒன்று விழுந்தது. அது பிரவுன் சுகர் என்கிற போதைத் தூள் என்று அவருக்கு ஸ்டேஷனில்தான் தெரிந்தது. எனக்கு மறுநாள் பேப்பரில் தெரிந்தது.

'வேலியில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டு, குத்துதே குடையுதேன்னானாம்' என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். ஜெயிலில் அவரைக் கம்பி வலைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்த முதல் நாள் நான் அழவில்லை. அந்தப் பழமொழியைத்தான் சொன்னேன். "அம்புட்டுப் பேரு இருந்த பஸ்ஸுல உங்க மடிதான் அவனுக்குக் கெடச்சுச்சா?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "தேங்கா என்ன ஆச்சு டீச்சர்?" என்றார். தங்கச்சி ஆசையாகக் கொடுத்த தேங்காயாம்.

காளவாசலுக்குப் பக்கத்தில் வீட்டு முன்னறையையே ஆபீஸாக வைத்திருந்த ஒரு வக்கீலைப் பிடித்தோம். மெதுவாகப் பேசுகிறவர். மேசை விசிறி அவரை மட்டும் பார்த்துச் சுற்றும், கட்சிக்காரர்களுக்கு வேர்வைதான். அவருக்கும் அந்தச் சட்டம் புதிது. புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டே பேசினார்.

"மூணு விஷயம் டீச்சரம்மா. ஒண்ணு, அந்தத் தூள் போதைப் பொருள்தானா. ரெண்டு, அது இவர் கைவசம் இருந்துச்சா. மூணு, இருக்குன்னு தெரிஞ்சு வச்சிருந்தாரா. மூணும் சேந்தாத்தான் குத்தம்."

"அப்ப முடிஞ்சு போச்சே சார். மூணாவது இல்லையே. அவருக்குத்தான் தெரியாதே."

அவர் புத்தகத்தைப் பார்த்தார். "அங்கனதான் இடிக்குது. மத்த கேஸ்ல, கொலைக் கேஸ்ல கூட, எதிரிக்கு, அதான் கூண்டுல நிக்கிறவருக்கு, தெரியும்னு போலீஸ்தான் நிரூபிக்கணும். இதுல அப்படியில்ல. கைவசம் இருந்துச்சுன்னு ஆயிட்டா, தெரிஞ்சேதான் வச்சிருந்தாருன்னு கோர்ட் எடுத்துக்கணும்னு எழுதியிருக்கான். தெரியாதுன்னா அத நீங்க நிரூபிக்கணும். அதுவும் சந்தேகத்துக்கு இடமில்லாம."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "தெரியாததை எப்படி சார் நிரூபிக்கிறது? தெரியும்ங்கிறதுக்குச் சாட்சி இருக்கும். தெரியாதுங்கிறதுக்கு என்ன சாட்சி இருக்கும்?"

"சட்டத்தை நான் எழுதலையேம்மா."

"எத்தன வருஷம் போடுவாங்க?"

"கஞ்சான்னாக்கூட வேற கணக்கு. இது பிரவுன் சுகர். குறைஞ்சதே பத்து வருஷம், லட்ச ரூபா அபராதம். ஜட்ஜ் மனசு எரங்குனாலும் பத்துக்குக் கீழ வர முடியாது."

கணக்கு டீச்சருக்கு இந்தக் கணக்கு மட்டும் மண்டையில் ஏறவே இல்லை. ஒரு ஆளைக் கொன்றவனுக்குக் கூட 'இவன்தான் செய்தான்' என்று அடுத்தவன் காட்ட வேண்டுமாம். பை பிடித்தவன் தன் மண்டைக்குள் ஒன்றும் இல்லை என்று தானே திறந்து காட்ட வேண்டுமாம். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் இதையே சொல்லிப் புலம்பிக்கொண்டு வந்தேன். ஜாமீன் கேட்டோம், கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கு 'பவுடர் டீச்சர்' என்று பேர் விழுந்தது. ஒன்பதாம் வகுப்பில் போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது, முதுகுக்குப் பின்னால் கேட்டது. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி, "யாருக்கு வேணும் பவுடர்?" என்றேன். அதற்குப் பிறகு என் காதுபட யாரும் சொல்லவில்லை. அவ்வளவுதான் என்னால் செய்ய முடிந்தது.

விசாரணை தொடங்கியது. கண்டக்டர்தான் முக்கியமான சாட்சி. 'தன் பை என்று எதிரி என்னிடம் சொன்னார்' என்று கூண்டில் சொன்னார். அது உண்மை. எங்கள் வக்கீல் எழுந்து குறுக்கு விசாரணை செய்தார்.

"உங்க பஸ்ல நிக்கிறவங்க பையை உக்காந்தவங்க வாங்கி வச்சுக்கிறது வழக்கம்தானே?"

"உண்டுங்க."

"லக்கேஜ் போட வந்தா, அடுத்தவங்க பையை 'எங்க பை'ன்னு சொல்றதும் வழக்கம்தானே?"

கண்டக்டர் கோர்ட் ஹாலின் பின் வரிசையைப் பார்த்தார். அவர்கள் டிப்போவிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். 'ஆமாம்' என்று சொன்னால், இத்தனை வருஷம் தெரிந்தே லக்கேஜ் போடாமல் விட்டேன் என்று அர்த்தம். வேலைக்கு உலை.

"அப்படி யாரும் சொல்ல மாட்டாங்க சார். நான் எல்லாருக்கும் ஒழுங்கா லக்கேஜ் போடுவேன்."

அடப்பாவி! எந்தச் சேவலுக்குய்யா நீ லக்கேஜ் போட்டே? நான் எழுந்தே விட்டேன். பக்கத்திலிருந்த போலீஸ்கார அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். கூண்டில் நின்ற என் வீட்டுக்காரர் கண்டக்டரைப் பார்த்த பார்வையில் துளிக் கோபம் இல்லை. அதைப் பார்த்ததும் எனக்குக் கண்டக்டர் மேலிருந்த கோபம் முழுவதும் இவர் மேல் திரும்பியது.

அடுத்து ஜட்ஜ் எதிரியை நேராகக் கேள்வி கேட்கிற நாள். அதற்கு முந்தின வாரம் வக்கீல் என்னோடு ஜெயிலுக்கு வந்தார். முன்பு சொன்ன மூன்றில் இரண்டாவதை, கைவசம் இருந்தது என்பதையே உடைத்துவிடலாம் என்பது அவர் யோசனை. "'ஏம் பை'ன்னு நான் சொல்லவே இல்லை, கண்டக்டர் போலீஸுக்குப் பயந்து சொல்றாருன்னு சொல்லிருங்க. மடியில ஒருத்தன் வச்சுட்டுப் போனான், அம்புட்டுத்தான். அது உங்க கைவசமே ஆகாதுன்னு நான் வாதாடிக்கிறேன். சத்தியமெல்லாம் வாங்க மாட்டாங்க."

"ஆனா நான் சொன்னேனே சார்."

"சொன்னது எனக்கும் உங்களுக்கும்தான் தெரியும்."

"கண்டக்டருக்கும் தெரியும்ல. அவரு சொன்னது நெசம். நான் இல்லைன்னா, அவரு பொய் சொன்னவரா ஆயிருவாரு. புள்ளகுட்டிக்காரரு."

நான் வலையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "அந்தாளு உங்களுக்காக ஒரு வார்த்த சொன்னாரா? வழக்கமே இல்லைன்னு கூசாமச் சொல்லிட்டுப் போறாரு. நீங்க அவரு புள்ளகுட்டியப் பாக்குறீங்க. பத்து வருஷம்ங்க! ஒரு வார்த்த. சொல்லவேயில்லைன்னு ஒரே ஒரு வார்த்த. பஸ்ஸுல முன்னப்பின்ன தெரியாதவனுக்காகச் சொன்னீங்கல்ல? எனக்காகச் சொல்ல மாட்டீங்களா?"

அவர், "அது பொய்யின்னு தோணாமச் சொன்னது டீச்சர். இது பொய்யின்னு தெரிஞ்சே சொல்றது" என்றார்.

இந்த மனுஷனை என்ன செய்வது? கட்டிப்பிடித்து அழவும் முடியாமல், நாலு சாத்து சாத்தவும் முடியாமல் நடுவில் வலை இருந்தது.

ஜட்ஜ் கேட்டார். "அந்தப் பை உங்களுடையது என்று கண்டக்டரிடம் சொன்னீர்களா?" இவர் கை கட்டிக்கொண்டு, "ஆமாங்கய்யா, சொன்னேன். ஆனா ஏம் பை இல்லைங்கய்யா. உள்ள என்ன இருந்துச்சுன்னு தெரியாது" என்றார். முதல் பாதியை எழுதிக்கொள்ளும் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

இனி வழக்கத்தை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். அந்தப் பஸ்ஸில் வந்தவர்களில் ஒருவரும் கோர்ட்டுக்கு வரச் சம்மதிக்கவில்லை. நானே கூண்டில் ஏறினேன். கைப்பிள்ளை, சேவல் எல்லாவற்றையும் சொன்னேன். அரசு வக்கீல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்.

"ஆக, அரசாங்கத்துக்குச் சேர வேண்டிய லக்கேஜ் கட்டணத்தை ஏமாற்ற உங்கள் கணவர் துணை போனார் என்கிறீர்கள்?"

"ஆமா, போனாரு. அதுக்கு எம்புட்டு ஃபைன்னு சொல்லுங்க, இப்பவே கட்டிட்டுக் கூட்டிட்டுப் போறேன்."

சிரிப்புச் சத்தம். அவர் விடவில்லை. "முன்பின் தெரியாதவன் பையைத் தன்னுடையது என்று சொல்வது இயற்கையா?"

"நீங்க கடைசியா எப்ப சார் பஸ்ஸுல ஏறுனீங்க?"

"சாட்சி கேள்வி கேட்கக் கூடாது" என்றார் ஜட்ஜ். குரலில் கோபமில்லை. ஆனால் நான் கேட்டது அவரையும் சேர்த்துத்தான். அவரும் காரில்தான் வருவார்.

தீர்ப்பில் அதுவே வந்தது. 'விவேகமுள்ள எந்த மனிதனும், அந்நியன் ஒருவனின் பையைத் தன்னுடையது என்று சொல்லமாட்டான்.' கைவசம் இருந்தது என்று எதிரியே ஒப்புக்கொண்டார். தெரியாது என்பதை அவர் நிரூபிக்கவில்லை. பத்து வருஷம், லட்ச ரூபாய். விவேகமுள்ள மனிதன் வாடிப்பட்டி பஸ்ஸில் ஏறுவதே இல்லை போலிருக்கிறது. வராந்தாவில் போலீஸ்காரர்கள் அவரை அழைத்துப் போகும்போது என்னைப் பார்த்து, "சாப்பிட்டுட்டுப் போ டீச்சர்" என்றார். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. கோபத்தில்தான் சாப்பிடவில்லை, துக்கத்தில் இல்லை என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன்.

மெட்ராஸில் ஹைகோர்ட்டில் அப்பீல் போட்டோம். நகையெல்லாம் போயிற்று, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அங்கே வேறு வக்கீல். நான் பஸ் வழக்கத்தைச் சொல்ல ஆரம்பித்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அதை விடுங்கம்மா. பரிசோதனைக்கு அனுப்புன பொட்டலத்துல அரக்கு முத்திரை உடைஞ்சிருக்கு. ஸ்டேஷன்லருந்து லேபுக்குப் போற வரைக்கும் அது எங்க இருந்துச்சு, யார்கிட்ட இருந்துச்சுன்னு சொல்ல ஆளில்லை. இது போதும்" என்றார்.

எண்பத்தொன்பதில் தீர்ப்பு வந்தது. ஜெயித்துவிட்டோம். பஸ்ஸில் பிடித்த தூளும் லேபில் பார்த்த தூளும் ஒன்றுதான் என்று நிச்சயமில்லை. ஆகவே காளவாசல் வக்கீல் சொன்ன மூன்றில் முதலாவதே நிற்கவில்லை. விடுதலை. தந்தி வந்ததும் நான் செய்த கூத்தை அக்கம்பக்கம் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கும். ஜெயில் வாசலில் அவர் மெலிந்துபோய், இடுப்பில் நிற்காத வேட்டியைக் கையால் பிடித்துக்கொண்டு வந்தார்.

தீர்ப்பின் நகல் பின்னால் வந்தது. முழுக்க இங்கிலீஷ். அவர் கை கால் கழுவிவிட்டு வந்து, பைபிள் வாசிக்கக் கேட்கிற மாதிரி என் எதிரில் உட்கார்ந்தார். நான் முதலில் மனசுக்குள் வாசித்தேன். பக்கம் பக்கமாக அரக்கு, நூல், முத்திரை. அவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில் வந்தது. 'மேல்முறையீட்டாளருக்கு அந்தப் பொருளைப் பற்றித் தெரியுமா தெரியாதா என்ற கேள்விக்குள் நாங்கள் போக வேண்டிய அவசியம் எழவில்லை.'

எழவில்லையாம்! மூன்று வருஷம் எங்கள் உயிரை எடுத்த கேள்வி, அவர்களுக்கு எழவே இல்லை.

"எனக்குத் தெரியாதுன்னு எங்கயாச்சும் எழுதியிருக்காங்களா டீச்சர்?" என்று அவர் கேட்டார். வேறு எதையும் கேட்கவில்லை. ஜெயிலில் இருந்தபோதும் 'எப்ப விடுவாங்க' என்று அவர் கேட்டு எனக்கு ஞாபகமில்லை.

"எழுதாம? இந்தா, இங்கன" என்று அந்த வரியில் விரலை வைத்து வாசித்தேன். "'இந்த மனிதருக்கு அந்தப் பையில் என்ன இருந்தது என்று தெரியாது. இதை நாங்கள் முழுதாக நம்புகிறோம்.'" டீச்சர் குரலில், நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். பொய்தான். ஹைகோர்ட் எழுதியிருக்க வேண்டியதை நான் எழுதினேன். இதற்காக ஆண்டவர் என்னைக் கேட்டால், அவரிடமும் நாலு கேள்வி கேட்க எனக்கு இருக்கிறது.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு என் சிவப்புப் பேனாவை எடுத்து, நான் விரல் வைத்த வரிக்குக் கீழே, எழுத்தைத் தொடாமல் நேராக ஒரு கோடு போட்டார். நான் தடுக்க வாயைத் திறந்து, என்ன காரணம் சொல்வதென்று தெரியாமல் மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "கடைக்குப் போயிட்டு வாரேன் டீச்சர்" என்று கிளம்பிவிட்டார். நான் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே வருவதற்குள் ஆள் இல்லை. பாத்திரக்கடை முதலாளி பி.ஏ. படித்தவர். தினம் இங்கிலீஷ் பேப்பர் வாங்குகிறவர். அன்றைக்கு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மத்தியானம் வந்தார். முகம் தெளிவாக இருந்தது.

"முதலாளி கண்ணாடியப் போட்டுக்கிட்டு, நான் கோடு போட்ட வரியத்தான் மொதல்ல வாசிச்சாரு டீச்சர். ரெண்டு தடவ வாசிச்சாரு. கொஞ்ச நேரம் என்னையே பாத்தாரு."

"என்ன சொன்னாரு?"

"'கோர்ட்டே சொல்லிருச்சே, உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. அப்புறம் என்ன'ன்னாரு. காப்பி வாங்கிக் குடுத்தாரு."

"வேலை?"

"அது, இப்போதைக்கு ஆள் போட்டுட்டாங்களாம். எடம் இல்லையாம்." சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, பையிலிருந்த நகலை எடுத்து, மடிப்பு கலையாமல் என் கையில் கொடுத்தார். "பத்திரமா வையி டீச்சர். நாளைக்கு இன்னும் ரெண்டு கடையில காட்டணும்."

நான் வாங்கி வைத்தேன்.